வெளியே போக என்ன தகுதி

மார்ச் 4
அலுவலகக் கதவுகளுக்கான மென்பொருளைப் புதிதாக எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பழையது ஒரு குடும்ப மரம். உச்சியில் மேலாளர், அடியில் துப்புரவாளர். புதியதை எழுதும் ரஸ்ட் நிரல்மொழியில் அந்த மரம் முளைக்காது. வாரிசுரிமையே இல்லாத மொழி. யாருக்குப் பிறந்தாய் என்று கேட்காது, என்ன முடியும் என்றுதான் கேட்கும். அந்த ‘முடியும்’தான் ட்ரெய்ட். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, லிஃப்டுக்கு ஒன்று. வேண்டியதைச் சேர்த்தால் ஆள் தயார்.

மார்ச் 9
‘வெளியே’ வேண்டுமென்றால் ‘உள்ளே’ கட்டாயம் என்று வைத்தேன். வராதவன் எப்படிப் போவான்? துப்புரவாளருக்கு மட்டும், நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் மறுத்தது: இவருக்கு ‘உள்ளே’ இல்லையே. ஆமாம், காவலாளிதானே அவர்களைப் பின்வாசல் வழியாக விடுகிறார். அவர்களுடைய ‘வெளியே’ வரியை அழித்தேன். கம்பைல் ஆனது.

மார்ச் 17
கதவுகளில் ஏற்றியாகிவிட்டது.

மார்ச் 18
மதியம் துப்புரவு அக்கா முன்கதவுக் கண்ணாடிக்கு உள்ளே நின்றார். மகளுக்குக் காய்ச்சல், பள்ளியிலிருந்து போன். பின்வாசலைப் பூட்டிவிட்டுக் காவலாளி சாப்பிடப் போயிருந்தார். அடையாள அட்டையைக் கதவில் வைக்க வைக்கச் சிவப்பு விளக்கு. பக்கத்திலேயே எல்லோரும் தட்டித் தட்டிப் போனார்கள் — ஒருத்தராவது கதவைப் பிடித்தாரா?

ஓடிப்போய்த் திறந்தேன். “கூட்டிப் பெருக்க விடுறீங்க, வீட்டுக்குப் போக விட மாட்டீங்களா தம்பி?” கேட்டுக்கொண்டே ஓடினார்.

மரத்தை வெட்டிவிட்டதாகப் பீற்றிக்கொண்டவன் நான். எந்தக் கையாலடா அந்த வரிய அழிச்ச?

மார்ச் 19
எங்கள் டீம் லீட் சொன்னார்: “அவங்களுக்கும் ஒரு ‘உள்ளே’ எழுதிடு. அது எப்பவும் ‘முடியாது’ன்னே சொல்லட்டும், கம்பைலர் ‘வெளியே’வ விட்டுடும். அஞ்சு நிமிஷ வேலை.”

“நாளைக்குக் குழாய் ரிப்பேர்காரர் வந்தா அவரும் கண்ணாடிக்குள்ள நிப்பாரு சார்.”

“டேய், இது கதவு. புரட்சி இல்ல.”

“கதவுங்கறதாலதான் சார் சொல்றேன்.”

மார்ச் 20
‘வெளியே’வுக்கு இருந்த நிபந்தனையை எடுத்துவிட்டேன். அட்டை வைத்திருக்கும் எவருக்கும் அது உண்டு. லீட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒப்புதல் கொடுத்தார்.

மார்ச் 24
காலையில் உள்ளே வரத் துப்புரவாளர்களுக்கு இன்னும் பின்வாசல்தான்.

மாலை அக்கா முன்கதவில் அட்டையை வைத்தார். பச்சை. வெளியே கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு கையிலும் பெட்டிகளோடு லீட் வந்துகொண்டிருந்தார். “மெதுவா வாங்க சார்” என்று அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.