அட்டைப் படத்தில் உன் அம்மா

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. நீ சுகமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த அறையில் ஃபேன் இன்னும் சத்தம் போடுகிறதா? இதையெல்லாம் போனில் கேட்கலாமே என்பாய். நான் பேச ஆரம்பித்ததுமே உன் அம்மா வந்து பிடுங்கி, "இங்க ஒண்ணுமில்ல கண்ணு, நாங்க ஜாலியா இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். ஜாலியாம். அதனால்தான் அவள் வெளியே போன நேரம் பார்த்து, அவளுடைய தையல் மெஷின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நடு நடுவே ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வேறெங்கே போயிருப்பாள், ரயில்வே கேட்டுக்குத்தான். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் உங்கள் ஆபீஸ் அதை அச்சடித்திருக்கிற விதத்தில் எனக்கே அடையாளம் தெரியவில்லை, ஆகவே நடந்ததை நான் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். கலவரத்துக்குப் பிறகு கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊர், இந்தப் பக்கம் நம் ஊர் என்று ஆகிவிட்டது. சின்னப் பள்ளிக்கூடம் அவர்கள் பக்கம், பெரிய பள்ளிக்கூடம் நம் பக்கம், ஒரு பிள்ளையும் கடந்து போக முடியவில்லை. ஆம்பிளைகள் கூடிக் கமிட்டி போட்டார்கள், டீ குடித்தார்கள், மறுபடியும் கூடுவோம் என்று கலைந்தார்கள். அந்த நேரத்தில்தான் அவர்கள் பக்கத்து நர்சம்மா, தன் மகளுக்குத் தைக்கக் கொடுத்திருந்த யூனிஃபார்மை வாங்கிக்கொள்ளக் கேட் வரைக்கும் வந்தாள். உன் அம்மா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "தெச்சு வெச்சு என்ன பிரயோஜனம், போட்டுக்கிட்டு எங்க போறது" என்றாளாம். இரண்டு பேரும் அங்கேயே நின்று பேசி முடித்தது இதுதான்: அவர்கள் பிள்ளைகளை நம் தெருவழியே நம் பெண்கள் கூட்டிப்போவது, நம் பிள்ளைகளை அவர்கள் தெருவழியே அவர்கள் பெண்கள் கூட்டிப்போவது. தன் பக்கத்துப் பெண்ணே கூட நடக்கும்போது எவன் கல்லை எடுப்பான்? எவனும் எடுக்கவில்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் உங்கள் ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். பெண்கள், அமைதி, பாதுகாப்பு, அதற்கு நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் என்று அழகாகத்தான் பேசினார்கள், என் மகளும் அதை எழுதுகிறவர்களில் ஒருத்தி என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். போட்டோ எடுத்தார்கள். திட்டத்தின் வரைவு அச்சாகி வெளிவந்தபோது அட்டையில் உன் அம்மாவும் நர்சம்மாவும், கீழே பெயர், தெரு, எல்லாம். நீ அன்றைக்குப் போனில் குதித்த குதி எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெருமைக்காகத்தான் போட்டாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அம்மாடி, அந்தப் படம் இங்கே ஒவ்வொரு போனுக்கும் போய்விட்டது, எதிரிக்குக் கை கொடுப்பவள் என்று மேலே எழுதி. தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்கள். போன வாரம் நம் வாசல் கதவில் துரோகி என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. உன் அம்மா பார்த்துவிட்டு, "பெயின்ட் அடிச்சதுதான் அடிச்சான், கதவு முழுக்க அடிச்சிருக்கக் கூடாதா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூட நடந்த பெண்கள் ஒவ்வொருத்தராக நின்றுவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் விடவில்லை. இன்றைக்கு இவள் தனியாகப் போயிருக்கிறாள். போகாதே என்று கத்தினேன். "நான் போகலைன்னா அந்தப் பிள்ளைங்க கேட்டுலயே நிக்கும்ங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தெருமுனையில் நாலைந்து பேர் நிற்கிறார்கள், சும்மா நிற்கிற நிற்பாகத் தெரியவில்லை. மீதியை வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். உன் அம்மாவும் வந்துவிட்டாள், பதறாதே. உள்ளே பாத்திரத்தை உருட்டுகிறாள், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது கேட்டில் நர்சம்மா இல்லை. அவள் வேலைக்குப் போகிற வழியில் நேற்று யாரோ வண்டியை மறித்துத் தள்ளிவிட்டிருக்கிறார்கள், கையில் கட்டாம். அவளுக்குப் பதில் அவள் புருஷன், அந்த பேக்கரிக்காரர், மாவு ஒட்டின சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். கலவரத்துக்குப் பிறகு அந்த மனுஷன் முகத்தை நானும் பார்த்ததில்லை, என் முகத்தை அவரும் பார்த்ததில்லை. "உங்க பக்கத்துப் பிள்ளைங்கள நான் கூட்டிட்டுப் போறேன், எங்க பிள்ளைங்க பின்னாடி நடக்க நீங்க வருவீங்களா" என்று கேட்டார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை உனக்குத்தான் தெரியுமே.

அவள் முன்னால், நடுவில் பிள்ளைகள், கடைசியில் நான். தெருமுனை ஆட்களைத் தாண்டும்போது பிள்ளைகளோடு ஒட்டி நடந்தேன். அதில் ஒருவன் என் கடையில் மோட்டார் ரிப்பேருக்கு வருகிறவன், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான், அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போனதும் நர்சம்மாவின் மகள், ரெட்டைச் சடைக்காரி, பின்தங்கி என் பக்கத்தில் வந்து, "மாமா, நீங்க கல்லு எறிவீங்களா?" என்று கேட்டது. "எனக்குத் தோள்பட்டை வலிம்மா, பந்துகூட எறிய முடியாது" என்றேன். அது சிரித்துவிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டது, பள்ளிக்கூடம் வரைக்கும் விடவில்லை. அதன் அம்மா கையில் கட்டோடு கிடக்கிறாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், முதலில் அந்தப் படத்தையும் பெயரையும் எடு, இன்றைக்கே எடு. மறைக்கச் சொல்லவில்லை, உன் அம்மாவுக்கு மறைக்க ஒன்றுமில்லை, ஆனால் மறுநாள் காலையில் அதே தெருவில் நடக்கப் போகிறவள் அவள், அவளைக் கேட்டுவிட்டுத்தான் எதையும் போட வேண்டும். அதைத் திட்டத்திலும் எழுது. பெண்களின் பங்கு, பெண்களின் பங்கு என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறீர்களே, அவர்கள் பின்னால் யார் நடப்பது என்றும் எழுதுங்கள். எங்களை மாதிரி ஜன்னலில் நிற்கிறவர்களுக்கும் ஒரு வேலை வைத்து எழுது. கோபமாக எழுதிவிட்டேனோ என்னவோ, கோபம் உன் மேல் இல்லை கண்ணு.

வேளைக்குத் தூங்கு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, எடுத்த காரியம் உனக்கு நல்லபடியாக முடியட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இரு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே: நாளையிலிருந்து காலையில் பள்ளிக்கூட நேரத்தில் போன் பண்ணாதே. வீட்டில் எடுக்க ஆள் இருக்காது.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா