நல்வரவு போட்ட கால்மிதி

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். உன் படிப்பும் அம்மாவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன? வாங்கிக் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாளா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாளா? இதைப் போனில் கேட்டால் என்ன என்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். படித்ததும் கிழித்துப் போடு.

எங்கள் காப்பீட்டு நிறுவனம் கைமாறியதைப் போன தடவையே சொன்னேன். புதிய நிர்வாகம் வந்ததும் ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். அப்புறம் கழிப்பறைக் கண்ணாடியைக் கழற்றினார்கள். நாங்கள் தலை வாரியே பொழுதைப் போக்குகிறோமாம். புது அடையாள அட்டையில் பெயர் பொடி எழுத்தில், ரத்த வகை கொட்டை எழுத்தில். அதைத் தொங்கவிடும் பட்டை கழுத்தையே மூடும் அகலம். மேனேஜர் சாப்பாட்டு டப்பா கொண்டுவருவதில்லை. மதியம் ஆனால் ஆட்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிடுகிறார். எங்கள் கேஷியருக்குச் சர்க்கரை வியாதி. அவரை மட்டும் எப்போதும் கடைசியில்தான் கூப்பிடுவார், சாப்பிட்டு முடித்ததும் இனிப்புக்குக் கை நீட்டுகிற மாதிரி.

முதலாளி ரத்தத்தை உறிஞ்சுகிறான் என்று எந்த ஆபீஸில்தான் புலம்பவில்லை? நானும் அப்படி நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். சின்னவளே, இவர்கள் மெய்யாகவே ரத்தக்காட்டேரிகள். சங்கச் செயலாளர் ஒரு கை பார்த்துவிட்டு வருகிறேன் என்று அறைக்குள் போனார். கழுத்தில் கைக்குட்டையோடு வெளியே வந்து, நிர்வாகம் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றார்.

மரியாதைக்கு மட்டும் குறைவில்லை. மேனேஜர் கூட்டம் போட்டு, "கூப்பிடாம நாங்க யார் வீட்டு வாசலையும் மிதிக்கிறதில்ல" என்று பெருமையாகச் சொன்னார். வீட்டுக்காரர் வாயால் ‘வா’ என்று சொன்னால்தான் அவர்களால் உள்ளே கால் வைக்க முடியுமாம். எனக்கு உடனே அம்மா ஞாபகம் வந்தது. மீட்டர் பார்க்க வருபவரைக்கூட உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காமல் விடமாட்டாளே அவள்.

வேலையை விட்டுவிட்டு வா என்று எழுதாதே. எங்கள் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். உன் படிப்பு முடியும்வரை இந்தச் சம்பளமும் வேண்டும். என்னை இதுவரை கூப்பிடவில்லை. எனக்கு ரத்தசோகை என்று அட்டையிலேயே இருக்கிறதே, அதனால்தான். பிறந்ததிலிருந்து என்னைப் படுத்திய வியாதி இப்போதுதான் உருப்படியாக ஒரு காரியம் செய்கிறது. அம்மா அனுப்பும் சத்து மாத்திரையை நிறுத்திவிட்டேன். அவளிடம் சொல்லாதே.

அன்புடன்,
அக்கா

*

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் கதை விடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கதையாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கேஷியர் இறந்துவிட்டார். அறைக்குள் நடந்து போனவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் போய் அடக்கம் செய்துவிட்டு அழுதுவிட்டு வந்தோம். கொஞ்ச நாள் கழித்து அவர் மனைவி காப்பீட்டுத் தொகை கேட்டு வந்தாள். இறந்தவர்களின் கோப்புகளைப் பார்ப்பது நான்தானே. எல்லாவற்றையும் சரிபார்த்து, கவுண்டருக்குப் போங்கம்மா என்று அனுப்பினேன்.

கவுண்டரில் கேஷியரே உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்காமல், இறப்புச் சான்றிதழின் அசல் வேண்டும் என்றார்.

அவள் அப்படியே சரிந்துவிட்டாள். நாங்கள் தண்ணீர் தெளித்து எழுப்பினோம். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, ஆள் வேலைக்கு வந்துகொண்டிருக்கும்போது இறப்புத் தொகையை எப்படிக் கொடுப்பது என்று என்னைக் கேட்டார். விதிப்படி பார்த்தால் அவர் சொன்னது சரி. கோப்பை மூடி வைத்தேன்.

அவள் கவுண்டர் வழியாகக் கையை விட்டுக் கணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி இருந்தா என்ன, வீட்டுக்கு வாங்க" என்றாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் விடவில்லை. கூப்பிடாதே என்று கத்த நினைத்தேன், வாய் வரவில்லை. செத்துப் போன புருஷன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது யார்தான் கூப்பிடமாட்டார்கள்?

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். இப்போது அந்த வீட்டில் பகலில் கதவு திறப்பதில்லை. பால் பாக்கெட்டுகள் வாசலிலேயே கிடக்கின்றனவாம். பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆபீஸுக்கே போன் செய்தார்கள். கேஷியர்தான் எடுத்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வைத்தார்.

என் பக்கத்து நாற்காலிக்காரியைப் பற்றி எழுதியிருக்கிறேனே, எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், எல்லாரும் ‘சிரிப்பு’ என்றே கூப்பிடுவோம். போன வாரம் அவளையும் அறைக்குள் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள். "பயப்படாத, உன் பக்கம் மட்டும் வரமாட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். நம்புகிறேன். நல்ல பெண்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

சின்னவளே,

இதை நிதானமாகப் படி. என் கையெழுத்து கொஞ்சம் மாறியிருக்கும். நான்தான் எழுதுகிறேன்.

மழை பெய்த ஒரு சாயங்காலம் சிரிப்பு நான் குடியிருக்கும் வாடகை அறையின் வாசலில் வந்து நின்றாள். தொப்பலாக நனைந்திருந்தாள். ஒன்றுமே கேட்கவில்லை, சும்மா நின்றாள். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும், "ஏன் அங்கேயே நிக்கிற, உள்ள வா" என்று என் வாய் சொல்லிவிட்டது. அம்மா வளர்த்த வாய். அவள் அழுதுகொண்டேதான் உள்ளே வந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

வலி அதிகமில்லை. ரத்தசோகையால் அவளுக்குத்தான் ஏமாற்றம். மேனேஜர் மறுநாளே என் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், இனி நான் எங்கே போகப்போகிறேன் என்று. கேட்காமலே லீவும் கொடுத்திருக்கிறார். இத்தனை காலம் ஒரு நாள் லீவுக்குக் கெஞ்சியிருக்கிறேன். "ஊருக்குப் போயிட்டு வாம்மா, வீட்ல ஆசையா இருப்பாங்க" என்றார்.

வரக்கூடாது என்றுதான் இந்த நிமிஷம் நினைக்கிறேன். சிரிப்பும் அப்படித்தான் சொன்னாள். பசி எடுத்தால், நமக்குச் சோறு போட்டவர்களின் முகம்தான் முதலில் நினைவுக்கு வரும் என்று கேஷியர் சொன்னார். நேற்றிலிருந்து அம்மாவின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

என் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த கால்மிதி வாசலில் கிடக்கிறதே, ‘நல்வரவு’ என்று பெரிதாகப் போட்டு, அதை எடுத்து எரித்துவிடு. இருட்டிய பிறகு கதவைத் தட்டினால் நீ மட்டும் போய் ஜன்னல் வழியாகப் பார். நானாக இருந்தால் பேசாதே. குளிர்கிறது என்பேன். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்ததைச் சொல்லிக்காட்டுவேன். அம்மாவைக் கூப்பிட்டு அழுவேன். அது அக்கா இல்லை, பேய் என்று நினைத்துச் சமாளிக்கப் பார்க்காதே. அது நான்தான். அதனால்தான் பயமாக இருக்கிறது.

அம்மாவை உள் அறையில் வைத்துப் பூட்டு. திட்டுவாள், அடிப்பாள், பெற்ற பிள்ளையை வாசலில் நிறுத்துகிறாயே என்று உன்னைச் சபிப்பாள். வாங்கிக்கொள். எப்படி இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே வா என்றுதான் அவள் சொல்வாள். அதை அவள் சொல்லவிடாதே.

நன்றாகப் படி. அம்மாவுக்குத் தைலம் தேய்த்துவிடு. நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது நல்லபடியாக இருக்கவேண்டும்.

ஒவ்வொரு கடிதத்தையும் ‘சீக்கிரம் வா அக்கா’ என்றுதான் முடிப்பாய். இனி அப்படி எழுதாதே, கண்ணு.

உன் அக்கா