இழுக்கலயே

துவாரகா, ஜூன் 3

மூன்று வார ஆலோசனைக்குப் பிறகு, குளியலறை மிதியடியை மாற்றுவதென்று காலை 6.40க்கு முடிவெடுத்தேன். கணவர் ஜெரால்டுக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது. ஆட்சேபணை இல்லை.

மதியம், கேப்டன் இருக்கையில், நூற்றெழுபது பயணிகளோடு ஓடுபாதையில் விரைந்த விமானத்தை நிறுத்தும் முடிவுக்கு ஒரு நொடி ஆனது. யாரையும் கேட்கவில்லை.

கருவிகளின் முட்களெல்லாம் சரியாகவே காட்டின. ஆனால் இந்த எடைக்கு, இந்த வெயிலில், வேகம் ஏறுவது போதுமா என்று சொல்ல முள் கிடையாது. முதுகுதான். இருக்கை முதுகில் அழுத்தவேண்டிய அளவு அழுத்தவில்லை. "இழுக்கலயே" என்றேன், இயந்திரங்களை. ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி அர்விந்த் இங்கே தலைநகரிலேயே, மயூர் விஹாரில் பிறந்து இந்தியில் வளர்ந்த தமிழன். தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, "இப்பவே இழுக்கணுமா மேம்?" என்று விமானத்தைத் தூக்கும் பிடியைப் பற்றினான்.

"ஸ்டாப்" என்றேன். நின்றது.

ஜூன் 5

விமானத்தை நிறுத்தியதற்கான படிவத்தில் காரணக் கட்டங்கள்: இயந்திரம், டயர், பறவை. முதுகுக்குக் கட்டம் இல்லை.

மேலாளர் ரமேஷ்குமார்: "டயர் சத்தம்னு போடுங்க. ஜல்தி ஃபைலை மூடிடலாம். நாளைக்கே பறக்கலாம்."

"கேக்கலயே சார்."

"ரன்வேல ஏதாவது சத்தம் கேட்டுட்டுத்தாம்மா இருக்கும்."

மறுத்தேன். விமானத்தின் எடைத்தாளைச் சோதியுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை நான் தரையில்.

ஜூன் 11

விசாரணை. விமானி அறை ஒலிப்பதிவில் இருந்த என் சொல்லை மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். எதை இழுக்கச் சொன்னீர்கள் என்பது பற்றி நாற்பது நிமிடம். பிறகு, "பயந்துவிட்டீர்களா?"

இல்லை. பயந்திருந்தால் டயர் கட்டத்தை நிரப்பியிருப்பேன்.

ஜூன் 12

என்னையே கேட்டுக்கொண்டேன்: ஒரு டிக் போட்டா என்ன குறைஞ்சிடும்? — குறையும். போடமாட்டேன்.

ஜூன் 14

அர்விந்த் போனில். "மேம், எடையைத் தோண்டினா நாமதான் மாட்டுவோம். நான் டைப் பண்ணேன், நீங்க செக் பண்ணீங்க."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"நாளைக்கு இதையே வேற யாராவது வேற ஊர்ல டைப் பண்ணுவாங்க. அங்க ரன்வே இவ்வளவு நீளம் இருக்காது."

"அச்சா மேம்" என்றான்.

ஜூன் 20

எடைத்தாள் சோதனையின் முடிவு வந்தது. கணினியில் ஏறியிருந்தது எரிபொருளைச் சேர்க்காத எடை. பத்து டன் குறைவு. இயந்திரங்கள் அந்த எடைக்கான விசையைத்தான் தந்திருக்கின்றன. பதித்தவர் அர்விந்த். சரிபார்த்தவர் செலின், அதாவது நான். எல்லா விமானிகளுக்கும் சுற்றறிக்கை போயிருக்கிறது.

ஜூலை 1

பணிப் பட்டியல் வந்தது. ஆறு மாதங்களுக்கு நான் துணை விமானி. முதல் பயணம் நாளை காலை 5.50, மதுரை.