எட்டாவது வட்டையின் பெயர்

1934 ஓகஸ்ட் 6, திங்கள்
வந்தாறுமூலைப் பக்கம் ஏழு வயல் வட்டைகளின் பெயர்களை நில அளவை வரைபடப் புத்தகத்தில் பதிந்தாயிற்று. எட்டாவதில்தான் சிக்கல். காடு வெட்டி அதை வயலாக்கியவன் செத்து மூன்று வருடம். வட்டைக்கும் அவன் பெயர்தான். மனைவி இலட்சுமிப்பிள்ளையைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரை எப்படிச் சொல்வாள்?

பக்கத்துப் பெரிய காணிக்காரர் நல்லரத்தினப் போடியார் சிரித்தார். "பேரில்லாத காணி தம்பி. என்ட வட்டையோட சேத்து எழுதுங்க." சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவர் வயலில் வேலை செய்பவர்கள். அவர்களைக் கேட்டேன்; போடியார் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள்.

'மனைவிக்குப் பெயர் தெரியாது' என்று எழுதி, போடியார் சொன்னபடியே பதிந்தேன்.

7, செவ்வாய்
சோறு இறங்கவில்லை. ஸகியாவிடம் சொன்னேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் ஒருநாளும் என் பெயரைச் சொல்லாதவள். "அப்ப எனக்கும் உங்கட பேர் தெரியாதெண்டு எழுதுங்களன்" என்றாள்.

பயந்தாங்கொள்ளி நான். போடியார் ஒரு மனுப் போட்டால் வேலை போய்விடுமே — அந்தப் பயம். அடுத்த மாதக் காணி விசாரணையில் இந்தப் புத்தகம்தான் சாட்சி. இலட்சுமிப்பிள்ளையிடம் வேறு காணி உறுதி கிடையாது. எல்லாம் தெரிந்துதானே எழுதினேன்?

8, புதன்
எழுதியதை அடித்துவிட்டேன். நாளை அளவைத் துரை புத்தகத்தில் கையெழுத்து வைக்க வருகிறார். இலட்சுமிப்பிள்ளையிடம் போய், "நானா எழுதினாச் செல்லாது. துரைக்கு முன்னால நீங்கதான் சொல்லணும்" என்றேன்.
"செத்தாலும் புருசன்தானே, தம்பி."

9, வியாழன்
வந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஏதோ சொன்னாள். துரைக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். குரல் உடைந்தது. துரை இன்னும் காதைச் சாய்த்தார். பாவி, நான்தானே இவளை இங்கே நிறுத்தினேன்.

மூன்றாம் முறை முந்தானையை எடுத்துவிட்டுப் போடியாரைப் பார்த்தே சொன்னாள். "கதிர்காமத்தம்பி வட்டை."
போடியார் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். எழுதினேன்.

ஒக்டோபர் 22, திங்கள்
விசாரணை முடிந்தது. நான்கு ஏக்கரும் அவளுக்கே. போடியார் என்மேல் மனுப் போட்டார். எனக்கு மன்னாருக்கு மாற்றம். புத்தகங்களை ஒப்படைக்கப் போகும் வழியில் அவள் வயலில் விதைத்துக்கொண்டு நின்றாள். வண்டியை மறித்தாள்.
"ஊர்ப் பேரெல்லாம் கேட்டு எழுதினீங்க. ஒங்கட பேர நான் கேக்கல்லயே?"
"ஹமீட்."
"ஹமீட் தம்பி, வெள்ளாம வெட்டக்குள்ள வாங்க."
ஓம், அறுவடைக்கு வருவேன் என்றேன்.