பழுக்க வைத்த ஃப்யூஸ்

ஏப்ரல் 3, வியாழன்

ஒன்றாம் கொட்டாயில் கோழிக்குத் தண்ணீர் போகும் குழாய் அடைப்பு. மதியத்துக்குள் சரியானது. மகன் தமிழரசுவுக்குக் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் வெல்வெட்டுத் துணி, அதற்குள் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு ஃப்யூஸ். அவனுடைய பாட்டுப் பெட்டிக்காம்.

பழையது போய்விட்டதா என்று கேட்டேன்.

"போகலம்மா. அது வெறும் ஃப்யூஸ்."

விலையைச் சொன்னான். நான் மறுபடி கேட்கவில்லை. எனக்குத் தாலிக்கொடி எடுத்தபோதுகூடக் கடைக்காரர் இப்படி ஒரு பெட்டி தரவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

ஃப்யூஸ் மேல் ஓர் அம்பு போட்டிருக்கிறது. மாற்றி மாட்டினால் பாடுகிறவர் பின்னால் போய்விடுவாராம். எங்கே போவார்?

இருநூறு மணி நேரம் ஓடினால்தான் அது பழுக்குமாம். வாழைத்தாரே மூன்று நாளில் பழுக்கிறது. சாத்திய அறைக்குள் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. நான் போய் உட்காரட்டுமா என்றேன். உட்காரலாமாம், அபிப்பிராயம் மட்டும் சொல்லக் கூடாதாம். இன்னும் பிஞ்சாக இருக்கிறதாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பழுத்துவிட்டது.

முதலில் மருமகள் கோகிலவாணியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னான். அவள் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். "ஏனுங்க, ஊட்டுக் கரண்ட்டு நொடிக்கு அம்பது தடவ போயிட்டுப் போயிட்டு வருது. அதுக்கு எதுக்குங்க அம்பு?" என்றாள். அவன் முகம் சுருங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினான்.

"அம்மா, உனக்குக் கேக்கும்."

என் காதைப் பற்றி நானே எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். அந்தியில் கொட்டாய் விளக்கை அணைத்து, கோழிகள் அடங்கியதும் நான் நடுவில் நிற்பேன். பத்தாயிரம் கோழியில் நாலு கோழிக்கு நெஞ்சில் சளி கட்டிக் குறட்டை வந்தால் எனக்குத் தெரியும். லேப் ரிப்போர்ட் வர இரண்டு நாள் முன்னே சொல்லிவிடுவேன். ஐந்தாவதோடு நின்றவள் நான். கால்நடை டாக்டரே "அம்மா என்ன சொன்னாங்க" என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். ஆத்தாயி காது என்றால் இந்த வட்டாரத்தில் மறுபேச்சு இல்லை.

அந்தக் காதுக்கு இன்று ஒன்றும் கேட்கவில்லை. போன வாரம் கேட்ட அதே புல்லாங்குழல்தான்.

"தெளிஞ்சிருக்கு சாமி" என்றேன்.

ஏன் சொன்னேன்? கேட்கவில்லை என்று சொல்ல என் வாய்க்குப் பழக்கமில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஃப்யூஸ் வாங்கச் சொன்ன குருமூர்த்தி சேலத்திலிருந்து வந்திருந்தார். டைல்ஸ் கடைக்காரர். கோகிலவாணி எனக்குப் பரீட்சை வைத்தாள். பாட்டுப் பெட்டிக்கு முன்னால் போர்வையைக் கட்டி, பின்னால் இருந்து பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி மாட்டினாள். பத்துத் தடவை.

பத்துக்குப் பத்து.

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். புதிய ஃப்யூஸ் கொஞ்சம் தடிமன். உள்ளே நுழையும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம். பாட்டு தொடங்கும் முன்பே எனக்குப் பதில் தெரியும். தொடங்கிய பிறகு கண்ணை மூடித் தலையை வேறு ஆட்டினேன்.

குருமூர்த்தி என் காலில் விழுந்துவிட்டார். பெரிய உடம்பு. எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஈரோட்டிலிருந்து மூன்று பேர், பையில் கம்பியும் ஃப்யூஸுமாக வந்தார்கள். ஒன்றைக் கேட்டுவிட்டு "இதுக்குக் கொஞ்சம் சளி பிடிச்சாப்ல இருக்குதுங்க" என்றேன். ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பேத்தி யுவஸ்ரீ சென்னையிலிருந்து போன் போட்டு, "அப்பத்தா, நீங்க பெரிய ஆளாயிட்டீங்க" என்று சிரித்தாள்.

பெருமையாகத்தான் இருந்தது. பொய் எழுதுவானேன்.

மே 2, வெள்ளி

தமிழரசு நாலு கொட்டாய்க்கும் அந்த ஃப்யூஸையே போடப் போகிறானாம். "கோழியும் நல்ல கரண்ட்டுல வாழட்டும்மா. முட்டை ஓடு கெட்டியாவும்." போனில் ஆர்டர் சொல்லப் போனவனைத் தடுத்து உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். "பாட்டக் கேட்டுச் சொல்லல கண்ணு. மாட்டுற சத்தத்தக் கேட்டுச் சொன்னேன்."

அவன் யோசித்தான். "அத்தனை சின்னச் சத்தம் கேக்குற காதுக்கு ஃப்யூஸ் கேக்காமப் போயிருமா?"

உண்மையைச் சொன்னால் தன்னடக்கம் என்கிறான்.

மே 4, ஞாயிறு

நானே மறுபரீட்சை கேட்டேன். மாட்டும்போது வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன், மாட்டிய பிறகு கூப்பிட்டார்கள். பத்துக்கு நாலு.

குருமூர்த்தி என்னைப் பார்க்காமலே, "வயசாவுதில்லைங்களா" என்றார். ஃப்யூஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, காதுக்குத்தான் ஆகிவிட்டது.

காபி குடித்து எல்லோரும் போன பிறகு தமிழரசு சொன்னான்: "இனிமே அந்தியில கொட்டாய்க்குப் போவ வேண்டாம்மா. வழுக்கி உளுந்துருவ. டாக்டரு வாரத்துக்கொருக்கா வந்து பாத்துக்குவாரு."

முப்பது வருசமா உளாதவ இப்ப உளுந்துருவனா? எனக்குத் தெரியாதா எதுக்குச் சொல்றான்னு—

மே 5, திங்கள்

போகவில்லை.

மே 7, புதன்

கோகிலவாணி என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "பத்துக்கு நாலுங்கறது, கேக்காமயே குத்துமதிப்பா சொன்னாலும் வருமுங்க அத்தை. அவரையும் வேப்பமரத்தடில உக்கார வெக்கறேன், பாருங்க."

உட்கார வைத்தாள். அவனும் ஒவ்வொரு தடவையும் வந்து, கண்ணை மூடி, யோசித்து, உறுதியாகச் சொன்னான். மூன்று.

"என்னைய விட ஒண்ணு கம்மி" என்று சொல்ல நாக்கு வரை வந்தது. முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். ராத்திரி அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ஆர்டரைப் பற்றிப் பேச்சே இல்லை.

மே 9, வெள்ளி

அந்தியில் வந்து வாசலில் நின்றான். "மூணாங் கொட்டாய்ல ரெண்டு நாளா தீனி மிச்சமாவுது. வாரியாம்மா?"

எழுந்து போனேன். விளக்கை அணைத்தான். கோழிகள் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. வடக்கு மூலையில், கீழ் வரிசைக் கூண்டில், லேசாக அந்தக் குறட்டை. ஆறேழு கோழி இருக்கும்.

கையை நீட்டிக் காட்டினேன். அவன் அந்தப் பக்கமாகக் காதைக் கொடுத்து நெடுநேரம் நின்றான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா" என்றான்.

இந்த ஒரு மாதத்தில் இந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை. இருட்டிலேயே போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டு, "அம்மா சொல்றாங்க, விடிஞ்சதும் வாங்க" என்றான்.