கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டை

ஹல்,
5 அக்டோபர் 2024, சனிக்கிழமை

அன்புள்ள லிண்ட்சிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம், அங்கே நீயும் கிரெய்க்கும் பிள்ளைகள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். உலகத்தின் அந்தக் கோடியில், டனீடினில், இப்போது வசந்தம் தொடங்கியிருக்கும், அதற்காக ஈரத் தலையோடு வெளியே போகாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது வலி. இங்கே பாய்லர் மறுபடி நின்றுவிட்டது, சரிபார்க்கிறவன் செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றான், எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வினிஃப்ரெட் தன் பூனையை என் தலையில் கட்டிவிட்டு ஸ்பெயினுக்குப் போயிருக்கிறாள், அது என்னை வேலைக்காரியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறது. இப்படியே பூனையையும் பாய்லரையும் பற்றி நாலு பக்கம் எழுதிவிடுவேன், சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடுவதில் எனக்கு ஐம்பது வருஷப் பழக்கம். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது உன் நெவில் சித்தப்பாவைப் பற்றியது. கடிதத்தை மடித்து வைத்துவிடாதே, கடைசிவரை படி.

அவன் மூன்று வாரமாக மருத்துவமனையில் இருக்கிறான். நுரையீரல். கிறிஸ்துமஸைப் பார்ப்பானா என்பது சந்தேகம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் இரண்டு பஸ் மாறி ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறேன். அவன் போட்ட அந்தச் சட்டைப் பாட்டுக்கு இந்த வருஷம் ஐம்பது வயது ஆகிறதாம், தொலைக்காட்சிக்காரர்கள் அது எப்படிப் பிறந்தது என்று படம் எடுக்கிறார்கள். சட்டை என்பது ஏசுவின் அங்கிதான் என்று அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் புத்தகமே போட்டிருக்கிறாராம், போதை மருந்து என்று ஒரு கூட்டம், வியட்நாம் போர் என்று இன்னொரு கூட்டம். என் மாதிரி அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் உலகத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். சூப்பர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு பொறுக்கும்போது கேட்டிருக்கிறேன், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி படுத்திருக்கும்போதும் கேட்டிருக்கிறேன். அந்த முதல் கிதார் சத்தம் வந்ததும் எல்லாருக்கும் கால் தாளம் போடும், நான் எண்ணத் தொடங்கிவிடுவேன். ஏழு நிமிஷம், அதில் பதினாறு தடவை அந்த வரி வரும்: நீதான் துவைத்தாய், கடல் கேட்டுக்கொண்டிருந்தது.

உனக்குத் தெரிந்த கதை என்ன? உன் அப்பாவின் மீன்பிடிக் கப்பல் புறப்பட்ட அன்று நான் துணி துவைத்தேன், அவரைக் கடலோடு துவைத்து அனுப்பிவிட்டேன் என்று தெருவே பேசியது, அவர் கூடப்பிறந்த தம்பி நெவில் அதையே பாட்டாகப் போட்டுப் பெயர் வாங்கினான். நீ ஒன்பது வயதில் பள்ளியிலிருந்து வந்து நின்றது எனக்கு நேற்றுப்போல இருக்கிறது. கோட்டு மாட்டும் கொக்கியில் உன் வகுப்புப் பெண்கள் ஒரு ஈர வெள்ளைச் சட்டையை உனக்காகத் தொங்கவிட்டிருந்தார்கள். நீ அழக்கூட இல்லை, "அம்மா, அப்பாவைக் கொன்னது நீயா?" என்று கேட்டாய். நான் அது வெறும் பாட்டு என்று சொல்லிவிட்டுப் பட்டாணியை உரித்தேன். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும்.

நடந்தது இதுதான். எழுபத்திரண்டு, நவம்பர் மாதம், புதன்கிழமை. விடிவதற்கு முன்பே உன் அப்பா கிளிஃப் டாக்ஸியில் துறைமுகம் போய்விட்டார். ஊர் வழக்கப்படியே நான் கையசைக்கவில்லை, வாசலுக்கு வரவில்லை, எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் அதைச் செய்யமாட்டாள். புறப்படும் நாளில் துவைக்கவும் மாட்டாள், ஒரு கைக்குட்டையைக்கூட, துவைத்தால் கடல் ஆளை அடித்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். பத்து மணி இருக்கும், நெவில் பின்வாசல் வழியாக வந்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது, கப்பல் வேலைக்குப் போகமாட்டேன் என்று தோள்வரை முடி வளர்த்திருந்தான், அதற்காக உன் எடித் பாட்டி அவனை மனிதனாகவே மதிக்கவில்லை. அன்று சாயங்காலம் கிளப்பில் அவன் குழுவுக்கு முதல் கச்சேரி. போடவேண்டிய வெள்ளைச் சட்டையில் யாரோ பீரைக் கொட்டியிருந்தார்கள். தன் அம்மாவிடம் கொண்டுபோனால் சட்டையோடு சேர்த்து அவனையும் அடுப்பில் போடுவாள் என்று என்னிடம் வந்தான். இன்றைக்கு முடியாது நெவில், கிளிஃப் போயிருக்கிறார் என்றேன். அவன் சிரித்துவிட்டு, "கடலுக்கு உங்க வாளியில என்ன இருக்குன்னு பாக்கறதா வேலை, அண்ணி?" என்றான். நானும் சிரித்தேன். எனக்கு இருபத்து நாலு வயது, நீ இடுப்பில். துவைத்தேன். நல்ல காற்று அடித்ததால் பின்சந்தில் கொடியில் போட்டேன், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, காய்ந்துவிட்டது. அதற்குள் சந்தில் போன, எங்கள் தெருக்காரி மேவிஸ் பார்த்துவிட்டாள். ஆண்பிள்ளை வெள்ளைச் சட்டை, இந்த வீட்டு ஆண்பிள்ளை கிளிஃப்தானே. கடலில் இருக்கிறவனின் சொந்தச் சட்டையையே துவைத்துவிட்டாள் என்று அவள் எடுத்துக்கொண்டாள், அதைவிடப் பெரிய பாவம் எங்கள் தெருவில் கிடையாது.

பதினெட்டாம் நாள் ஐஸ்லாந்துக்கு வடக்கே அவர் போன கப்பல், எலினோர் கிரே, கவிழ்ந்தது. மேல்தளத்தில் பனி ஏறி உறைந்து கனத்துச் சாய்ந்தது என்று விசாரணையில் சொன்னார்கள். பதினேழு பேர் போனார்கள், உன் அப்பாவும் சேர்த்து. அது பனியால் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், ஆனால் மீன்கடை வரிசையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். உன் பாட்டி நான் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அதனால்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஊரின் இந்தக் கோடிக்குக் குடிவந்தேன், நல்ல காற்றுக்காக என்று உன்னிடம் சொன்னது பொய்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாதது. ஒரு வருஷம் கழித்து நெவில் என் சமையலறைக்கு வந்து, மேசைமேல் டீயை ஆறவிட்டு, அந்தப் பாட்டை முதன்முதலாக எனக்குப் பாடிக் காட்டினான். கிதாரை அடிக்கவே இல்லை, விரலால் தொட்டுத் தொட்டுத்தான். அப்போது அதில் "நீ" கிடையாது. துவைக்கச் சொன்னவன் நான், கடல் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படித்தான் இருந்தது, லிண்ட்சி. பதினாறு தடவையும் "நான்". ஊருக்கே சொல்லிவிடுகிறேன் அண்ணி, உங்கள் தலைமேல் இருப்பதை இறக்கிவிடுகிறேன் என்று அழுதான். உன் பாட்டிக்கு அப்போது அந்த ஒரு மகன்தான் மிச்சம். இது தெரிந்தால் அவள் நெவிலை வாசற்படி மிதிக்க விடமாட்டாள், பிறகு அவளும் இருக்கமாட்டாள் என்று எனக்குப் பட்டது. "அந்த 'நான்' வேண்டாம் நெவில். வேற ஏதாவது போடு. உங்கம்மா தாங்கமாட்டா" என்று சொன்னேன். அவன் "நீ" என்று போட்டான். யாரோ ஒருத்தி என்று நினைத்தோம், கேட்பவர்களுக்கு முகம் தெரியாத ஒருத்தி. லண்டனில் பதிவு செய்தவர் பாடுவதற்கு வசதியாக மாற்றினார் என்று பேட்டிகளில் அவன் சொல்வதெல்லாம் என்னைக் காப்பாற்ற. பாட்டு இப்படி ஊர் ஊராகப் போகும் என்று எங்களுக்குத் தெரியாது, அந்தச் சந்தில் எல்லாருக்கும் அந்த முகம் தெரியும் என்பதை மட்டும் நான் யோசித்திருக்கலாம்.

ஆக, நெவில் உனக்கு அனுப்ப, நீ முப்பது வருஷமாகப் பிரிக்காமல் திருப்பி அனுப்பும் பிறந்தநாள் அட்டைகள் தப்பான ஆளுக்குப் போகின்றன. பாட்டி போன பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லியிருக்கலாம். பயந்தேன். அவன்மேல் இருக்கும் கோபம் அப்படியே என்மேல் திரும்பும், அப்புறம் உன்னிடமிருந்து கடிதமும் வராது என்று பயந்தேன். நீ அவ்வளவு தூரம் போனதே இந்த ஊரில் அந்தப் பாட்டு கேட்காத இடம் இல்லை என்பதால்தானே. நான் உன் பாட்டியைப் பார்த்தேன், நெவிலைப் பார்த்தேன், இடுப்பில் இருந்த உன்னைப் பார்க்கவில்லை. பெரிய மனசு என்று நானே என்னை மெச்சிக்கொண்டு, அந்தப் பழியில் பாதியைக் குழந்தை சுமக்கும்படி விட்டிருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை போனபோது, வருகிற இருபத்து நாலாம் தேதி படக்காரர்கள் வருகிறார்கள், எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டான். மூச்சு வாங்க வாங்க இரண்டு வார்த்தை பேசுவதே அவனுக்கு மலை. எனக்கும் இனிமேல் எதையும் மறைக்கத் தெம்பு இல்லை. "சொல்லு. ஆனா அவங்ககிட்டச் சொல்றதுக்கு முன்னாடி லிண்ட்சிகிட்டச் சொல்லு. அந்தச் சட்டையை மாட்டினது அவ கொக்கியிலதான்" என்றேன். அந்தக் கொக்கி விஷயம் அவனுக்கு இதுவரை தெரியாது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான், நர்ஸ் வந்து என்னைப் போகச் சொல்லும்வரை திரும்பவில்லை.

இருபதாம் தேதி ஞாயிறு உனக்கு இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடுவான், இங்கே காலை ஒன்பது. நம்பர் தெரியாததாக இருக்கும், நர்ஸின் போன். எடு. அவனை மன்னிக்கச் சொல்லவில்லை, அவன் செய்ததில் மன்னிக்க அதிகம் இல்லை. இடையில் மௌனமாக இருந்தால் வைத்துவிட்டான் என்று நினைக்காதே, மூச்சுக்குத்தான் நிறுத்துகிறான், காத்திரு.

கிரெய்க்குக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். நீங்கள் எல்லாரும் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். என்னைத் திட்டவேண்டும் என்றால் எழுத்தில் வேண்டாம், கூப்பிட்டே திட்டு, நான் வீட்டில்தான் இருப்பேன். நீ என்ன சொன்னாலும் இந்தத் தடவை பட்டாணி உரிக்கமாட்டேன்.

துவைத்தவளும், அந்த "நீ"யைப் போடச் சொன்னவளுமான,
உன் அம்மா,
டோரீன்