சீஸும் என் வீட்டுக்காரர் காலும்

ஆகஸ்ட் 6

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். மூன்று மாதம் சோறு, இட்லி, தோசையைக் குறைத்துப் பார்ப்போம், இறங்காவிட்டால் மாத்திரை என்றார் டாக்டர் அனுஜா. "பதிலுக்கு முட்டை, மீன், கீரை, சீஸ் சாப்பிடுங்க உமாராணி." சீஸுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

வீட்டுக்காரரிடம் சொல்லப்போவதில்லை. போன தடவை நான் ஓட்ஸ் குடித்ததைத் தான் வேலை பார்க்கும் துறைமுகம் முழுக்கச் சொல்லிச் சிரித்தவர் செந்தில்முருகன். மூன்றாம் நாளே பரோட்டாவுக்குத் திரும்பியதையும் சேர்த்துச் சொன்னார். இந்தத் தடவை இறக்கிக் காட்டிவிட்டுத்தான் பேச்சு.

ஆகஸ்ட் 8

ஆசையாக முக்கோணச் சீஸ் ஒரு டப்பா வாங்கி ஆபீசுக்குக் கொண்டுபோனேன். கப்பல்களுக்கு மளிகை, காய்கறி, கறி எல்லாம் அனுப்பும் கம்பெனி எங்களுடையது. பக்கத்து மேசை யாசிர் காயல்பட்டினத்துக்காரன், துபாய் சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தவன். டப்பாவைத் திருப்பிப் படித்தான். "அக்கா, இதுல பால் பவுடரு, மாவு எல்லாம் கெடக்கு. நீங்க திங்கிறது சீஸ் இல்ல, சீஸ் வாசம் போட்ட களி."

கெட்டியானது, நாள்பட்டது என்றால் பயமில்லாமல் சாப்பிடலாமாம். ரொட்டியில் தடவுவதும் பழம் போட்டதும் வேண்டாம். துருவி விற்பதில்கூட ஒட்டாமலிருக்க மாவு தூவுவார்களாம். அடப்பாவிகளா!

ஆகஸ்ட் 11

செடார். முட்டைக்குள் வைத்துப் பொரித்தேன். இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது?

ஆகஸ்ட் 13

ஹலூமி என்று ஒன்று. தோசைக்கல்லில் போட்டால் உருகாமல் சிவக்கிறது. ருசிதான். ஆனால் மெல்லும்போது ஈர ரப்பர் செருப்பு மாதிரி கீச் கீச்சென்கிறது. ஹாலிலிருந்து இவர், "ஏளா, வீட்டுக்குள்ள எலி வந்துட்டுதா?" என்றார். மெல்லாமல் விழுங்கினேன்.

ஆகஸ்ட் 18

ஒரு கப்பல் சொன்ன நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டது. அவர்களுக்கு எடுத்துவைத்த சீஸ் எங்கள் குளிர் அறையில் தங்கிவிட்டது. முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி, "வேணுங்கிறத எடுத்துட்டுப் போம்மா, இங்கன கெடந்து நாறுது" என்றார். வட்டமாக ஒன்று எடுத்தேன். கேமம்பேர். வெள்ளைத் தோல், அழுத்தினால் கன்னம் போல அமுங்குகிறது. "மாவே கெடையாதுக்கா. ஆனா கொஞ்சம் மணக்கும்" என்றான் யாசிர்.

தூக்குவாளியில் போட்டு ஃபிரிட்ஜில் மாவுச்சட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இவர் தண்ணீர் பாட்டிலைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 20

கொஞ்சமா மணக்குது? வீடே மணக்குது!

இவர் நிலக்கரி இறக்கும் இடத்தில் சூப்பர்வைசர், நாள் முழுக்க பூட்ஸ். வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்தார். மூக்கைச் சுளித்தார். பிறகு மெல்லக் குனிந்து தன் காலைப் பார்த்தார். பூட்ஸை மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"ஏளா, என் காலு நாறுதா?"

"லேசா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆகஸ்ட் 23

வெந்நீரில் கல்லுப்பும் எலுமிச்சம்பழமும் போட்டுக் காலை ஊறவைக்கிறார். புது சாக்ஸ், பவுடர். ஹாலில் பாய் விரித்துக்கொண்டார். "நீயாவது நிம்மதியாத் தூங்கு" என்கிறார்.

கேமம்பேர் என்னவோ நாளுக்கு நாள் ருசி ஏறிக்கொண்டே போகிறது.

ஆகஸ்ட் 26

புதுக்கோட்டையிலிருந்து இவர் தங்கை ஜெயஷீலா போன் செய்து அழுதாள். வெள்ளிக்கிழமை அவளுடைய புதுவீட்டுப் பால்காய்ப்பு. அண்ணன் காய்ச்சல், வரமுடியாது என்றாராம். "எங்க மேல என்ன கோவம் மதினி?"

கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "செருப்ப வாசல்ல கழட்டணும்லா? நல்ல காரியத்துல போயி எல்லாரையும் மூக்கப் பொத்த வைக்கவா?"

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 27

சொல்லவில்லை. ச்சே, நான் என்ன மனுஷி?

ஆகஸ்ட் 28

இன்று லீவு போட்டிருந்தார். ஆபீசிலிருந்து திரும்பினால் சாப்பாட்டு மேசையில் தூக்குவாளி திறந்திருக்கிறது, எதிரில் இவர். எலுமிச்சம்பழம் தேடியிருக்கிறார்.

"ஏளா, இது யாரு காலு?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் எல்லாவற்றையும் சொன்னேன். சர்க்கரை, டாக்டர், மாத்திரை, எல்லாம். சர்க்கரை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஓட்ஸ்" என்றேன்.

பிறகு ஊர்ஜிதம் செய்துகொள்ள நினைத்தாரோ என்னவோ, தன் காலைத் தூக்கி முகர்ந்துபார்க்க முயன்றார். தொப்பை விடவில்லை, நாற்காலியோடு சாய்ந்தார். தரையில் கிடந்தபடியே தங்கைக்குப் போன்: "காய்ச்சல் விட்டுட்டுது, வாரோம்!"

ஆகஸ்ட் 29

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மந்திரி மாதிரி உள்ளே போனார். பந்தியில் என் இலைக்குக் கேசரி வந்தபோது கையை நீட்டித் தடுத்தார். "அவளுக்கு வேண்டாம். அவ பங்க இங்கன போடு." என் பங்கோடு ஜெயஷீலா பங்கையும் அவரே சாப்பிட்டார்.

நவம்பர் 7

இறங்கிவிட்டது! மாத்திரை வேண்டாமாம். கூட வந்த பாவத்துக்கு இவருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னேன். என்னுடைய பழைய கணக்கைவிட அதிகம். பைக்கில் ஏறுமுன் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார்.

நவம்பர் 9

சூப்பர் மார்க்கெட்டில் சீஸ் அடுக்கின் முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பொட்டலமாகத் திருப்பிப் படித்தார். ஃபிரிட்ஜ் கதவு திறந்தே கிடந்தது. கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, வாங்கப் போறியளா, பரீட்சைக்குப் படிக்கியளா?"

"இரும்யா, இதுல மாவு கெடக்கான்னு பாக்கேன். ஒமக்கு இதெல்லாம் தெரியாது."

நான் இரண்டு அடுக்கு தள்ளி நின்று, யாரோ எவரோ என்பதுபோல் முட்டை எடுத்துக்கொண்டிருந்தேன்.